ஆறாம் லெவலில் நின்றுபோன டுவார்ஃப்

1998 டிசம்பரில் வெளிவந்த ‘பால்டர்ஸ் கேட்’ கணினி விளையாட்டில், கதைக்குள் நுழையும் முன் நம்முடைய பாத்திரத்தை நாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஆணா பெண்ணா என்று முதலில் கேட்பார்கள். அடுத்து, என்ன இனம் என்று கேட்பார்கள். மலையைக் குடைந்து வாழும், தாடி வளர்த்த, கோடரி ஏந்திய குட்டையான டுவார்ஃப் இனத்தைத் தேர்ந்தெடுத்தால், அடுத்து வரும் தொழில் பட்டியலில் மந்திரவாதியைத் தொட முடியாது. வீரன் ஆகலாம், திருடன் ஆகலாம், கடவுளின் பெயரால் கதாயுதம் சுழற்றும் கிளெரிக் ஆகலாம். மந்திரம் மட்டும் கிடையாது. ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. 2023 ஆகஸ்டில் அதே தொடரின் மூன்றாம் பாகம் வந்தபோது அந்தக் கதவு விரியத் திறந்திருந்தது. எந்த இனத்தில் பிறந்தவரும் எந்தத் தொழிலுக்கும் போகலாம்.

இடைப்பட்ட 25 ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதைவிட, அந்தத் தடை முதலில் எதற்காக வந்தது என்பதுதான் எனக்குச் சுவையான கேள்வி. அதற்கு 1974க்குப் போக வேண்டும்.

போவதற்கு முன் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த விளையாட்டுகளில் ‘ரேஸ்’ என்றும் ‘கிளாஸ்’ என்றும் இரண்டு சொற்கள் உண்டு. முதலாவது, கூர்காதும் நீண்ட ஆயுளும் கொண்ட எல்ஃப், டுவார்ஃப், மனிதர் என்னும் பிறப்பைக் குறிக்கும். இரண்டாவது வீரன், மந்திரவாதி, திருடன் என்னும் தொழிலைக் குறிக்கும். கிளாஸ் என்பதை ‘வகுப்பு’ என்று பெயர்க்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் தமிழில் வகுப்பு என்றால் பள்ளிக்கூட அறை நினைவுக்கு வரும். இல்லாவிட்டால் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் நினைவுக்கு வரும். அதனால் தொழில் என்றே எழுதுகிறேன். அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. ‘இன்ன பிறப்பில் பிறந்தவருக்கு இன்ன தொழில் கிடையாது’ என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் விதிப்புத்தகத்தின் ஒரு வரியாகப் படித்துக் கடந்துவிடலாம். தமிழில் எழுதும்போது கை ஒரு கணம் நிற்கிறது. அந்தத் தயக்கத்தை மறைக்காமல் வைத்துக்கொண்டே மேலே போகிறேன், ஏனென்றால் இந்த விதியை எழுதியவர்களின் நோக்கம் நாம் முதலில் சந்தேகிப்பது அல்ல.

1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்னும் சிறு ஊரிலிருந்து, பால்டர்ஸ் கேட்டின் விதிகளுக்கு மூலமான ‘டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டு வெளிவந்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். முதல் அச்சில் ஆயிரம் பிரதிகள். எழுதியவர்கள் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடப்பார்கள். சண்டையில் வென்றும் புதையல் எடுத்தும் அனுபவப் புள்ளிகள் சேரும். புள்ளிகள் சேரச் சேர லெவல் உயரும். இன்று மேசையிலும் கணினியிலும் நாம் பார்க்கும் லெவல் ஏற்றம் எல்லாவற்றுக்கும் பாட்டன் இந்தப் பெட்டிதான்.

அதில் தொழில்கள் மூன்றே மூன்று: வீரன், மந்திரவாதி, கிளெரிக். மனிதர் எதிலும் சேரலாம், எவ்வளவு உயரமும் போகலாம். டுவார்ஃப் வீரனாக மட்டுமே இருக்கலாம், அதுவும் ஆறாம் லெவல் வரை. முதல் அச்சில் ‘ஹாபிட்’ என்று அச்சாகி, ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனின் படைப்புகளுக்கு உரிமை பெற்றிருந்தவர்களின் எதிர்ப்பால் பின்னர் ‘ஹாஃப்லிங்’ என்று பெயர் மாறிய சிறிய இனத்தாரும் வீரன் மட்டுமே. அவர்கள் நான்கோடு நின்றுவிட வேண்டும். எல்ஃபுக்குத்தான் சலுகை. வீரனாகவும் இருக்கலாம், மந்திரவாதியாகவும் இருக்கலாம், ஒரு சாகசத்துக்கும் அடுத்த சாகசத்துக்கும் இடையே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வீரனாக நான்கு, மந்திரவாதியாக எட்டு, அத்துடன் சரி.

நான்கு, ஆறு, எட்டு என்ற இந்த எண்கள் சும்மா விழுந்தவை போலத் தெரியலாம். அப்படி இல்லை. 1971இல் கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் ‘செயின்மெயில்’ என்ற போர் விளையாட்டு விதிநூலை வெளியிட்டிருந்தார்கள். பொம்மைப் படைகளை மேசைமேல் நகர்த்தி இடைக்காலப் போர்களை நடத்துவதற்கானது அது. அதன் கடைசிப் பகுதியில் மாயாஜாலப் படைகளுக்கும் விதி இருந்தது. அதில் ‘ஹீரோ’ என்பவன் நான்கு வீரர்களுக்குச் சமம். ‘சூப்பர்ஹீரோ’ எட்டு வீரர்களுக்குச் சமம். 1974 பெட்டியில் நான்காம் லெவல் வீரனின் பட்டப்பெயர் ஹீரோ. எட்டாம் லெவல் வீரனின் பட்டப்பெயர் சூப்பர்ஹீரோ. ஒன்பதில் ‘லார்ட்’ ஆகிக் கோட்டை கட்டிக் குடியேறலாம். இந்த ஏணியில் வைத்துப் பார்த்தால் ஹாஃப்லிங்குக்கு விதித்த நான்கின் பொருள் தெரிகிறது. அவன் ஹீரோ ஆகலாம், அதற்கு மேல் கனவு காணக் கூடாது. டுவார்ஃபோ ஹீரோவைத் தாண்டினாலும் கோட்டை வாசலை எட்டுவதில்லை. லார்ட் என்ற பட்டம் மனிதருக்கு மட்டும்.

மனிதருக்கு ஏன் இந்தத் தனிச்சலுகை? கைகாக்ஸ் இதை மூடிமறைத்ததே இல்லை. 1979இல் வந்த ஆட்டம் நடத்துபவருக்கான வழிகாட்டி நூலில் இதற்கென்றே ஒரு பகுதி எழுதினார். இந்த உலகம் மனிதரைச் சுற்றிச் சுழல்வது, மனிதர் சூரியன், மற்ற இனங்கள் வெவ்வேறு தூரத்தில் அதைச் சுற்றும் கோள்கள் என்பது அங்கே அவர் தரும் படிமம். விளையாடுபவர் மனிதர், அவர் எளிதில் கற்பனை செய்யக்கூடிய சமூகமும் மனிதருடையது, ஆட்டம் நடத்துபவர் ஓர் உலகத்தையே கட்ட வேண்டுமென்றால் அதன் நடுவில் தெரிந்த ஒன்று இருந்தாக வேண்டும் என்பது அவருடைய வாதம். கூடவே ஓர் அச்சமும் இருந்தது. விட்டுவிட்டால் மேசையில் ஒரு மனிதன்கூட மிஞ்ச மாட்டான்.

அந்த அச்சம் நியாயமானதே. எல்ஃபாகப் பிறப்பதில் எவ்வளவு லாபம் என்று பாருங்கள். இருட்டில் கண் தெரியும். இரகசியக் கதவுகள் தாமாகவே கண்ணில் படும். தூக்க மந்திரமும் மயக்க மந்திரமும் பெரும்பாலும் பலிக்காது. டுவார்ஃபுக்கு விஷமும் மந்திரமும் எளிதில் ஏறாது. சுரங்கத்தில் சரிவையும் புதிய கட்டுமானத்தையும் மோப்பம் பிடிப்பான். மனிதனுக்கு? ஒன்றும் இல்லை. பதினெட்டு வயதும் ஒரு வாளும் மட்டும். இந்தப் பட்டியலைப் படித்த பிறகும் மனிதனாக விளையாட ஒருவர் முன்வர வேண்டுமென்றால், மற்றவர்களுக்கு ஏதாவது விலை வைக்க வேண்டும். வைத்த விலைதான் தொழில் தடையும் லெவல் வரம்பும்.

ஆக, இது ஒரு கணக்கு. யாரையும் தாழ்த்தும் ஆசையில் வந்ததல்ல. கடைக்காரர் எடைக்கல்லைச் சரிபார்ப்பது போல வந்தது. இதைச் சொல்வதால் அந்தக் கணக்கு சரியாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. படுமோசமான கணக்கு. எல்ஃப் தன்னுடைய லாபத்தை முதல் நாளிலேயே பெற்றுக்கொள்கிறான். விலையை எப்போது கட்டுகிறான்? எட்டாம் லெவலை எட்டிய பிறகு. ஒரு குழு வாரம் ஒருமுறை கூடி விளையாடினால் அதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் குழுவே கலைந்துபோகலாம், கல்லூரி முடிந்துவிடலாம், யாருக்காவது கல்யாணம் ஆகிவிடலாம். அப்படியானால் எல்ஃப் எல்லாவற்றையும் இலவசமாகப் பெற்றுப் போய்விடுகிறான். மாறாகக் குழு நீடித்தால், இரண்டு ஆண்டு உழைத்து வளர்த்த பாத்திரம் ஒருநாள் சுவரில் முட்டி நிற்கிறது. பக்கத்தில் இருப்பவனின் மனிதன் ஏறிக்கொண்டே போகிறான். தொடங்கிய நாளில் மனிதனுக்கு அநியாயம், முடிவில் எல்ஃபுக்கு அநியாயம். இரண்டு அநியாயங்களைக் கூட்டினால் நியாயம் வரும் என்று நம்பிய கணக்கு இது.

1978இல் ‘அட்வான்ஸ்டு’ என்ற அடைமொழியோடு விதிகள் விரிந்தபோது, இந்தக் கணக்கு கைவிடப்படவில்லை, அட்டவணைகளாகப் பெருகியது. டுவார்ஃப் வீரன் ஒன்பதாம் லெவல் வரை போகலாம். ஆனால் பகடை உருட்டிப் பெறும் வலிமை மதிப்பெண் உச்சமான 18 ஆக இருந்தால்தான். 17 என்றால் எட்டு, அதற்கும் கீழே என்றால் ஏழு. எல்ஃப் மந்திரவாதிக்கு அறிவு 18 இருந்தால் பதினொன்று, 17 என்றால் பத்து, குறைந்தால் ஒன்பது. பாலடின் என்னும் புனித வீரனாக மனிதர் மட்டுமே ஆகலாம், துறவியும் அப்படியே. கிளெரிக் ஆகும் எல்ஃபும் டுவார்ஃபும் அந்த உலகத்தில் உண்டு. ஆனால் அவர்களை ஆட்டம் நடத்துபவர்தான் கதைக்குள் கொண்டுவரலாம், விளையாடுபவர் எடுக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால் திருட்டுக்கு மட்டும் வரம்பே இல்லை. டுவார்ஃபும் எல்ஃபும் ஹாஃப்லிங்கும் திருடனாக எவ்வளவு உயரமும் போகலாம். ஆர்க் என்னும் முரட்டு இனத்துக்கும் மனிதருக்கும் பிறந்த அரை ஆர்க்குக்குத் திருட்டிலும் வரம்பு உண்டு. கூலிக்குக் கொலை செய்வதில் மட்டும் எல்லை இல்லை. இதைப் படிக்கும்போது, விலை நிர்ணயம் என்ற விளக்கம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதே நூலில் இனங்களுக்கிடையே யாருக்கு யாரைப் பிடிக்கும் என்று ஓர் அட்டவணை உண்டு. நேசம், பொறுத்துக்கொள்ளல், அலட்சியம், வெறுப்பு, பகை என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். டுவார்ஃபுக்கு எல்ஃபைப் பிடிக்காது. அரை ஆர்க்கைக் கண்டால் பகை. ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் நான்கு நண்பர்களின் பாத்திரங்களுக்குள் இந்தக் கட்டம்! இன்னொன்று: பெண் பாத்திரங்களின் வலிமைக்குத் தனி உச்சவரம்பு. ஹாஃப்லிங் ஆணுக்கு 17, பெண்ணுக்கு 14. இதை எந்தச் சமநிலைக் கணக்கும் கேட்கவில்லை. பெண்ணுக்கு ஈடாக வேறெதுவும் தரப்படவும் இல்லை. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அது சத்தமில்லாமல் மறைந்தது.

பாலடினைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அவனுக்கு வலிமை 12, அறிவு 9, ஞானம் 13, உடல்திறன் 9, வசீகரம் 17 என்று குறைந்தபட்ச மதிப்பெண்கள் வைத்திருந்தார்கள். பழைய முறைப்படி ஒவ்வொரு குணத்துக்கும் மூன்று பகடைகளை உருட்டி, வந்ததை வந்த இடத்திலேயே எழுதிக்கொண்டால், வசீகரம் 17 வருவதற்கே வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. ஐந்தும் ஒருசேர அமைய ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. புதிய நூல் பகடை உருட்டத் தாராளமான முறைகளைத் தந்தது என்பது உண்மைதான். இருந்தாலும் பாலடின் அபூர்வம். மனிதராகப் பிறந்தால் மட்டும் போதாது, அதிர்ஷ்டமும் வேண்டும். இந்த வகைத் தடை எனக்குப் பிடிக்கும். காரணம் எளிது: ‘நான் பாலடின்’ என்று ஒருவர் சொன்னால் மேசை திரும்பிப் பார்த்தது.

இதே காலத்தில், தொடக்கநிலை ஆட்டக்காரர்களுக்காக வந்த எளிய பதிப்பு வேறொரு பாதையில் போனது. 1981இல் டாம் மோல்ட்வே தொகுத்த பதிப்பில் இனமும் தொழிலும் ஒன்றாகவே ஆகிவிட்டன. மனிதர் வீரன், கிளெரிக், மந்திரவாதி, திருடன் என்று பிரிவார்கள். எல்ஃப் எல்ஃப்தான், அதுவே தொழில். டுவார்ஃபும் ஹாஃப்லிங்கும் அப்படியே. டுவார்ஃபுக்குப் பன்னிரண்டு லெவல், எல்ஃபுக்குப் பத்து, ஹாஃப்லிங்குக்கு எட்டு. இன்று இதைச் சொன்னால் இளைய ஆட்டக்காரர்கள் சிரிக்கிறார்கள். ஒரு முழு இனமே ஒரே வேலையைச் செய்யுமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மொத்தத்தில் இதுதான் நேர்மையான வடிவம் என்று தோன்றுகிறது. இங்கே எல்ஃபுக்கு வைத்த விலை முதல் நாளே தெரிகிறது. இரண்டாம் லெவலுக்கு வீரனுக்கு 2,000 அனுபவப் புள்ளி போதும், மந்திரவாதிக்கு 2,500; வாளும் மந்திரமும் சேர்த்துப் பெறும் எல்ஃபுக்கு 4,000. கூடுதலாகக் கேட்கிறாயா, மெதுவாக ஏறு. எட்டாம் லெவலில் வரப்போகும் சுவரைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட இது எவ்வளவோ மேல். மோல்ட்வேயின் பதிப்பு வரம்பையும் சேர்த்தே வைத்துக்கொண்டது என்பதுதான் குறை.

1989 பதிப்பு வரம்புகளைத் தளர்த்தியது. டுவார்ஃப் வீரன் பதினைந்து வரை, எல்ஃப் மந்திரவாதியும் பதினைந்து வரை. ஏன் இன்னும் வரம்பு என்பதற்கு ஒரு விளக்கமும் கூடவே வந்தது: நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வாழும் இனங்களுக்கு எல்லை இல்லையென்றால் உலகத்தையே அவர்கள்தான் ஆள்வார்கள், மனிதருக்கு இடமிருக்காது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே விதிகளின்படி, நூறு வயதைக் கடந்த எல்ஃபும் பதினெட்டு வயது மனிதனும் முதல் லெவலில்தான் தொடங்குகிறார்கள். அந்த எல்ஃப் நூறு ஆண்டுகளாக என்னதான் செய்துகொண்டிருந்தான்? கணக்குக்காக எழுதிய விதிக்குக் கதையைப் பிற்பாடு தேடினால் இப்படித்தான் ஆகும். அந்தப் பதிப்பே, விரும்பினால் வரம்பைத் தாண்ட விடலாம், மெதுவாக ஏற விடலாம் என்று மாற்று வழிகளையும் தந்தது. பால்டர்ஸ் கேட் இந்தப் பதிப்பை அடிப்படையாகக் கொண்டதுதான். லெவல் வரம்பை விட்டுவிட்டுத் தொழில் தடையை மட்டும் வைத்துக்கொண்டது.

1997இல் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ‘விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ நிறுவனத்தின் கைக்குப் போனது. 2000இல் மூன்றாம் பதிப்பு வந்தது. தடைகள் அனைத்தும் ஒரே வீச்சில் போயின. டுவார்ஃப் மந்திரவாதி, அரை ஆர்க் பாலடின், எது வேண்டுமானாலும். மனிதரை யார் எடுப்பார்கள் என்ற பழைய கவலைக்கு விடை தலைகீழாக இருந்தது. மற்றவர்களைத் தடுப்பதற்குப் பதில் மனிதருக்கே ஏதாவது கொடு: முதல் லெவலிலேயே ஒரு கூடுதல் சிறப்புத்திறன், ஒவ்வொரு லெவலிலும் கூடுதல் பயிற்சிப் புள்ளி. இவ்வளவுதான். மனிதர் திடீரென்று எல்லாரும் விரும்பும் இனமாகிவிட்டார்கள். 26 ஆண்டுகள் இந்த யோசனை யாருக்கும் வரவில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் தடை போய்விட்டதா? எழுத்தில் போய்விட்டது. எண்ணில் இருந்தது. மூன்றாம் பதிப்பில் அரை ஆர்க்குக்கு வலிமை இரண்டு கூடும். அறிவும் வசீகரமும் இரண்டிரண்டு குறையும். மந்திரவாதியின் மந்திரம் பலிப்பது அறிவைப் பொறுத்தது. எனவே அரை ஆர்க் மந்திரவாதி ஆகலாம். ஆனால் ஒவ்வொரு மந்திரத்திலும் எல்லாரையும்விட ஓரடி பின்னால் நிற்பான். குழுவில் ஒருவர் அந்தப் பாத்திரத்தை எடுத்தால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். ‘கணக்குத் தெரியாதவர்’ என்று பெயர் வரும். 1978இல் புத்தகம் ‘கூடாது’ என்றது. 2000இல் புத்தகம் ‘தாராளமாக’ என்றது. நண்பர்கள் ‘கூடாது’ என்றார்கள். எனக்கு முதலாவதே கொஞ்சம் கண்ணியமாகப் படுகிறது. புத்தகத்தின் மேல் பழிபோட்டுவிட்டுப் பேசாமல் விளையாடலாம்.

2008இல் நான்காம் பதிப்பு குறைக்கும் எண்களை நீக்கி, கூட்டும் எண்களை மட்டும் வைத்துக்கொண்டது. 2014 பதிப்பும் அதே வழிதான். இருந்தும் 2016இல் வந்த ஒரு துணைநூலில் ஆர்க்குக்கு அறிவு இரண்டு குறையும் என்று மீண்டும் எழுதினார்கள். 2020இல் அது நீக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூனில், அமெரிக்காவில் இனவெறிக்கு எதிரான போராட்டங்கள் நடந்துகொண்டிருந்தபோது, நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. ஆர்க்கும் கருந்தோல் எல்ஃபான டிரோவும் பிறப்பிலேயே தீயவர்கள் என்று சித்தரித்து வந்தது, உண்மை உலகில் சில மக்களை இழிவுபடுத்தப் பயன்பட்ட அதே மொழியை நினைவூட்டுகிறது என்று ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் வந்த துணைநூல், இனத்தோடு வரும் கூட்டல் எண்களை விருப்பப்படி வேறு குணத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றது. போட்டி நிறுவனமான பைசோ இதற்கு முந்திக்கொண்டது. 2019இல் தன் ‘பாத்ஃபைண்டர்’ இரண்டாம் பதிப்பில் இனம் என்ற சொல்லையே கைவிட்டு வம்சாவளி என்ற பொருள் தரும் சொல்லை வைத்துக்கொண்டது.

2024 செப்டம்பரில் வந்த புதிய டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நூலில் இனம் இல்லை. உயிரியலில் சொல்வது போல ‘சிற்றினம்’ என்று சொல் மாறியிருக்கிறது. ஆர்க் முழு மரியாதையோடு முதல் நூலிலேயே இடம்பெற்றிருக்கிறது. அரை எல்ஃபும் அரை ஆர்க்கும் பட்டியலில் இல்லை. இரு உலகங்களுக்கு நடுவே நின்றவர்களைச் சீர்திருத்தம் முதலில் வெளியேற்றியதைப் பார்த்துக் கலப்புப் பிறப்பினர் பலர் வருந்தியதில் எனக்கு வியப்பில்லை. குணங்களைக் கூட்டும் எண்கள் இப்போது பிறப்போடு வருவதில்லை. பாத்திரத்தின் கடந்தகாலத்தோடு வருகின்றன. அறிஞராக வளர்ந்தவருக்கு உடல்திறன், அறிவு, ஞானம் ஆகியவற்றில் கூட்டலாம். படைவீரராக இருந்தவருக்கு வலிமை, லாவகம், உடல்திறன். குடியானவருக்கு வலிமை, உடல்திறன், ஞானம். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்க் மந்திரவாதிக்கு எந்த இழப்பும் இல்லை. ஆனால் வயலில் வளர்ந்த பிள்ளை மந்திரவாதி ஆனால் அறிவில் கூட்ட வழியில்லை. ஓரடி பின்னால் நிற்க வேண்டியதுதான். பிறப்பின் மேல் இருந்த சுமையை இறக்கி வளர்ப்பின் மேல் வைத்திருக்கிறார்கள். ஆட்டம் நடத்துபவர் விரும்பினால் புதிய பின்னணியை உருவாக்கிக்கொள்ளலாம். ஆனாலும் அச்சில் வந்த விதி அப்படித்தான் பேசுகிறது. இதற்கு யாரும் அறிக்கை விட்டதாகத் தெரியவில்லை.

கணினி விளையாட்டுகளில் இந்தத் தடைக்கு வேறொரு உயிர் இருந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் விளையாடும்போது, தடை அரசியல் ஆகிறது. 1999இல் வந்த ‘எவர்குவெஸ்ட்’ சில இனங்களுக்கு அனுபவப் புள்ளி மெதுவாக ஏறும்படி வைத்தது. வாளும் மந்திரமும் கலந்த தொழில்களுக்கும் அப்படியே. ட்ரோல் என்னும் அரக்க இனத்தவர் மனிதர் நகரத்துக்குள் கால் வைத்தால் காவலர்கள் வெட்டிப்போடுவார்கள். அந்தப் புள்ளி இழப்பு குழுவில் மற்றவர்களையும் பாதித்ததால், அப்படிக் கலந்த தொழிலான இருட்டுவீரனாக ஒரு ட்ரோல் வந்தால் சேர்த்துக்கொள்ளக் குழுக்கள் தயங்கின. ஒரு பாத்திரத்தின் பிறப்பு, முன்பின் தெரியாத மனிதர்கள் அவரைக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வதைத் தீர்மானித்தது. மேசை விளையாட்டில் நான்கு நண்பர்களுக்குள் முடிந்துபோகும் விஷயம் இது.

2004இல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ இதை இரண்டு நாடுகளின் போராக்கியது. அலையன்ஸ், ஹோர்ட் என்று இரு அணிகள். பாலடின் அலையன்ஸுக்கு மட்டும், அதிலும் மனிதரும் டுவார்ஃபும் மட்டும். ஷாமன் என்னும் ஆவிகளோடு பேசுபவர் ஹோர்டுக்கு மட்டும். எதிரணியில் இருக்கும் ஒன்றை நீ ஒருபோதும் ஆக முடியாது என்பதால் அதன் மேல் பொறாமையும் மரியாதையும் சேர்ந்தே வந்தன. பெரிய டிராகன்கள் அச்சமூட்டிக் கூட்டத்தைச் சிதறடிக்கும் சண்டைகளில் அந்த அச்சத்தைத் தடுக்கும் ஒரு மந்திரம் டுவார்ஃப் பூசாரிகளிடம் மட்டுமே இருந்தது. விளைவு, நாற்பது பேர் கூடும் படையெடுப்புகளில் டுவார்ஃப் பூசாரிக்கு அப்படி ஒரு கிராக்கி. அழகுக்காக வேறு இனத்தைத் தேர்ந்தெடுத்த பூசாரிகள் அதை நினைத்து நொந்துகொண்டார்கள். ஆனால் இரு அணிகளிடமும் ஒரே டிராகனை மோதவிட வேண்டிய வடிவமைப்பாளர்களுக்கு இது தலைவலி. ஒருவரிடம் இருக்கும் கருவி மற்றவரிடம் இல்லையென்றால் சண்டையின் கடினத்தை எப்படி அளப்பது? 2007இல் முதல் விரிவாக்கம் பாலடினையும் ஷாமனையும் இரு அணிகளுக்கும் தந்தது. 2010இல் இன்னும் பல கதவுகள் திறந்தன. மாட்டுத்தலை கொண்ட டாரன் இனத்தார் பாலடின் ஆவதற்குச் சூரிய வழிபாடு என்று புதிய கதையே எழுதினார்கள். 2022லிருந்து மந்திரவாதி, பூசாரி, திருடன் ஆகிய தொழில்கள் ஏறக்குறைய எல்லா இனத்துக்கும் பொதுவாகிவிட்டன. இயற்கையை வழிபடும் ட்ரூயிட், பாலடின், ஷாமன் முதலான சில தொழில்களில் பழைய தடைகள் நெடுநாள் நின்றன. கதையில் ஆழமாக வேரோடிய தொழில்கள்தாம் அவை.

கதையில் வேரோடிய தடை என்றால் என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 2009இல் வந்த ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’. அங்கேயும் டுவார்ஃப் மந்திரவாதி ஆக முடியாது. ஆனால் காரணம் இருக்கிறது. அந்த உலகில் மந்திரம் கனவுலகிலிருந்து வருகிறது. டுவார்ஃப்கள் கனவு காண்பதில்லை. ஒரே வரி. ஆனால் அந்த ஒரு வரியிலிருந்து எத்தனை கேள்விகள் கிளம்புகின்றன! ஏன் காண்பதில்லை? எப்போதிலிருந்து? இரவில் அவர்களுக்கு என்ன நடக்கிறது? விளையாடுபவருக்குக் கிடைக்காத ஒரு தொழில், உலகத்தைப் பற்றிய ஒரு புதிராக மாறிவிடுகிறது. பால்டர்ஸ் கேட்டின் மௌனத்தோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்.

அதே விளையாட்டில் இன்னொரு தடையும் உண்டு. டுவார்ஃப்களின் நிலத்தடி நகரமான ஆர்சமாரில் சாதி இருக்கிறது. அந்தச் சொல்லையே விளையாட்டு பயன்படுத்துகிறது. பிரபுக்கள், போர்வீரர், கொல்லர், வணிகர், பணியாளர் என்று பிறப்பால் பிரிந்த அடுக்குகள். எல்லாவற்றுக்கும் கீழே சாதியற்றவர்கள். அவர்கள் பிறந்தவுடன் முகத்தில் அடையாளம் குத்தப்படுகிறது. ஆயுதம் ஏந்திப் போட்டிக்களத்தில் நிற்பது போர்வீரர் சாதியின் உரிமை. நீங்கள் சாதியற்ற டுவார்ஃபாகத் தொடங்கினால், குடித்து மயங்கிக் கிடக்கும் ஒரு போர்வீரனின் கவசத்தை மாட்டிக்கொண்டு, முகத்தை மறைத்து, அவன் பெயரில் களத்தில் இறங்குவீர்கள். ஜெயிப்பீர்கள். பிறகு முகம் வெளிப்படும், சிறைக்குப் போவீர்கள்.

இங்கே ‘இன்ன பிறப்புக்கு இன்ன தொழில் கிடையாது’ என்று சொல்வது விதிப்புத்தகம் அல்ல. அந்த நகரம் சொல்கிறது. விளையாட்டோ வாளை உங்கள் கையில் கொடுத்து, மீறிப் பார் என்கிறது. தொடக்கத்தில் என் கை தயங்கியது என்றேனே, இந்தக் காட்சியில் அது தயங்கவில்லை. சாதி என்ற சொல்லை மொழிபெயர்க்க யோசிக்க வேண்டியும் இருக்கவில்லை.

வேறு வழிகளும் இல்லாமல் இல்லை. 1978லேயே ‘ரூன்குவெஸ்ட்’ என்ற மேசை விளையாட்டு தொழில் என்ற பிரிவையே வைக்காமல் விட்டுவிட்டது. அதில் வாத்து இனத்தில் பிறந்தவரும் வாள் ஏந்தலாம். 2018இல் வந்த ‘வார்ஹாமர்’ மேசை விளையாட்டின் நான்காம் பதிப்பில் எனக்குப் பிடித்த ஒரு தந்திரம் உண்டு. பகடை உருட்டி இனம் என்ன வருகிறதோ அதை ஏற்றுக்கொண்டால் 20 அனுபவப் புள்ளி பரிசு. முதல் உருட்டலில் வந்த தொழிலை ஏற்றுக்கொண்டால் இன்னும் 50. வேண்டாமென்றால் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம். பரிசு மட்டும் கிடைக்காது. பகடையில் பெரும்பாலும் மனிதரே வருவார்கள். கைகாக்ஸ் அட்டவணை போட்டுச் சாதிக்க நினைத்த மனிதர் நிறைந்த உலகம் இங்கே ஒருவரையும் தடுக்காமல் அமைந்துவிடுகிறது. எலி பிடிப்பவனாக வாழ்க்கையைத் தொடங்கச் சம்மதிப்பவருக்கு ஒரு சின்ன இனாம்.

பழைய விதிகளும் சாகவில்லை. 2019இல் வந்த ‘ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ்’ 1981 பதிப்பின் விதிகளைத் தெளிவாகத் திரும்ப எழுதியிருக்கிறது. எல்ஃபே ஒரு தொழில் என்ற முறையும் அதில் உண்டு. இனத்தையும் தொழிலையும் பிரித்து எடுக்கும் முறை அதன் விரிவான நூலில் உண்டு. எதில் விளையாடுவது என்று குழுக்கள் கூடிப் பேசி முடிவு செய்கின்றன. கைகாக்ஸ் கொடுத்துப் போன வாதம் இன்னும் அந்தப் பேச்சில் கேட்கிறது: எல்லாரும் எல்லாமும் ஆகலாம் என்றால் எல்ஃப் என்பது கூர்காது வைத்த மனிதன்தானே? இந்தக் கேள்வியை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். புதிய நூல்களில் பாத்திரத்தின் இனத்தை மறந்துவிட்டுப் பத்து வாரம் விளையாடிவிட முடிகிறது. அந்த இழப்பைப் பற்றிப் பேசினால் பழைய அட்டவணைகளுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைத்துவிடுகிறார்கள்.

அந்தப் பழைய புத்தகத்தைக் கடைசியாக ஒருமுறை புரட்டலாம். டுவார்ஃப் ஆறோடும் எல்ஃப் எட்டோடும் ஹாஃப்லிங் நான்கோடும் நிற்க வேண்டும் என்று சொல்லும் பகுதியை ஒட்டியே ஒரு சிறு பத்தி இருக்கிறது. ஆட்டக்காரர்கள் ஏறக்குறைய எதுவாக வேண்டுமானாலும் விளையாடலாம், தொடக்கத்தில் பலவீனமாக இருந்து படிப்படியாக ஏற வேண்டும், அவ்வளவுதான் என்கிறது அது. டிராகனாக விளையாட ஆசையா, தாராளமாக விளையாடு. குட்டி டிராகனாகத் தொடங்கு. அந்த டிராகனுக்கு எத்தனையாவது லெவலோடு நிற்க வேண்டும் என்று எழுதவே இல்லை.